ராஜபாளையம் குட்டி வளவிலேயே மூத்திரம் போகிறது, அப்பத்தா காலைக் கடிக்கிறது: என்ன செய்யலாம்?

கானாடுகாத்தான் பேத்தி:
வணக்கம். எங்களிடம் இருப்பது ஆண் ராஜபாளையம் நாய்க்குட்டி. பிறந்து 10 வாரம், வீட்டுக்கு வந்து 15 நாள் ஆகிறது. இந்தப் பெரிய வீட்டில் நானும் அப்பத்தாவும் மட்டும்தான். அப்பத்தாவுக்கு 82 வயது.

முதல் பிரச்சினை மூத்திரம். பின்கட்டுத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனால் அரை மணி நேரம் மோப்பம் பிடித்துக்கொண்டே திரிகிறான். உள்ளே வந்ததும் நேரே வளவுக்கு (வீட்டு நடுவில் திறந்த முற்றமும் சுற்றித் தாழ்வாரமும் உள்ள பகுதி) ஓடி, முற்றத்து ஓரத்தில் மூலைத்தூண் பக்கம் போய்விடுகிறான். அங்கிருந்து தாழ்வாரத்து ஆத்தங்குடித் தரைக்கல்லுக்கும் வந்துவிட்டான். தினமும் பினாயில் போட்டுத் துடைக்கிறேன், மறுநாள் அதே இடம்தான்.

அடுத்தது கடி. அப்பத்தா நடந்தால் சேலைக் கரையைப் பிடித்து இழுக்கிறான். நேற்று கணுக்காலில் பல் பட்டு லேசாக ரத்தம் வந்தது, மஞ்சள் வைத்தோம். கால் தடுக்கி விழுந்துவிடுவாரோ என்றுதான் எனக்குப் பயம். கூப்பிட்டால் திரும்புவதும் இல்லை. ராத்திரி முழுக்க அழுகை.

வேலைக்கு வரும் பெரியவர் சொன்னார் என்று மூத்திரத்தில் மூக்கைத் தேய்த்து, செய்தித்தாளைச் சுருட்டி இரண்டு முறை அடித்தேன். அதிலிருந்து என்னைக் கண்டாலே தூணுக்குப் பின்னால் ஒதுங்குகிறான். மனசு கேட்கவில்லை. திருப்பிக் கொடுத்துவிடு என்கிறார் அப்பத்தா. எனக்கு அவனை வளர்க்க வேண்டும்.

பள்ளத்தூர், கால்நடை மருத்துவ மாணவி:
அக்கா, மற்றதெல்லாம் அப்புறம். இன்றைக்கே அப்பத்தாவை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். மஞ்சளைக் கழுவி எடுத்துவிட்டு, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். ஒரு நாள் கடந்திருந்தாலும் கழுவ வேண்டும். குட்டி, வீட்டு நாய், ஆரோக்கியமாக இருக்கிறான் என்று விட்டுவிடாதீர்கள். ரேபிஸ் ஊசி நாய்க்கே 3 மாதத்தில்தான் போடுவார்கள், இவனுக்கு இன்னும் ஆகவில்லை. அப்பத்தாவுக்கு 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் தோலில் போடும் ஊசி. ரத்தம் வந்ததை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலினும் (உடனடிப் பாதுகாப்பு தரும் ஊசி) தேவைப்படும்.

இன்னொன்று. ராஜபாளையம் போன்ற வெள்ளை நாய்களில் பிறவியிலேயே காது கேட்காத குட்டிகள் உண்டு. அவன் அசந்து தூங்கும்போது, காற்றும் அதிர்வும் படாத தூரத்தில் பின்னால் நின்று சாவிக்கொத்தை ஆட்டிப் பாருங்கள். காது அசைகிறதா?

கானாடுகாத்தான் பேத்தி:
முதல் ஊசி போட்டாகிவிட்டது, நன்றி தங்கச்சி. சாவிச் சத்தத்துக்கு இரண்டு காதும் துடித்தன, எழுந்து என்னைப் பார்த்தான். காது கேட்கிறது!

தேவகோட்டை ஆச்சி:
கவலைப்படாதே ஆத்தா. எங்கள் வீட்டிலும் இதே கதைதான் நடந்தது. அவன் நிலையில் இருந்து வளவைப் பார். மேலே வானம் தெரிகிறது. வெயில் விழுகிறது, மழை பெய்தால் தண்ணீர் கொட்டி வடிகிறது, குருவி வந்து உட்காருகிறது. நமக்கு அது வீட்டின் நடு. அவனுக்கு அதுதான் வெளி. தோட்டத்தில் ஆயிரம் வாசனை இருப்பதால் வந்த வேலையை மறந்துவிடுகிறான், உள்ளே வந்ததும் தெரிந்த 'வெளி'க்கு ஓடுகிறான். தப்பு செய்கிறோம் என்ற நினைப்பே அவனுக்கு இல்லை. அடித்தால் 'இவள் முன்னால் போகக் கூடாது' என்று மட்டும்தான் படிப்பான். பிறகு தோட்டத்தில் நீ பக்கத்தில் நின்றாலும் அடக்கிக்கொள்வான். நீ சொல்கிற அரை மணி நேரத்தில் அதுவும் சேர்ந்திருக்கும்.

ஆகவே சில வாரங்களுக்கு வளவை அவனுக்கு மூடிவிடு. வளவுக்குப் போகும் இரண்டாங்கட்டு வாசலில் இடுப்பளவு பலகை வை. தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும், விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒரு தடவையும் கயிற்றில் பிடித்துத் தோட்டத்துக்குக் கூட்டிப் போ. தினமும் ஒரே மூலை. அவன் மூத்திரம் பட்ட துணியை அங்கே போட்டு வை, வாசனை சொல்லிக் கொடுக்கும். நீ பேசாமல் நில். போய் முடித்த அந்த நொடியே 'நல்ல பிள்ளை' சொல்லி, உப்பில்லாமல் வேகவைத்த கோழியில் நகக்கண் அளவு கொடு. வீட்டுக்குள் வந்து கொடுத்தால் எதற்குக் கொடுத்தாய் என்று அவனுக்குப் புரியாது. 5 நிமிடத்தில் போகவில்லையா? தூக்கிக்கொண்டு உள்ளே வா, கண்ணை எடுக்காதே, 10 நிமிடம் கழித்து மறுபடியும் கூட்டிப் போ.

கல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆத்தங்குடிக் கல் சிமெண்டும் மணலும் சேர்த்துச் செய்தது, ஈரத்தை உறிஞ்சும். பினாயில் நம் மூக்குக்கு மட்டும்தான் மறைக்கிறது, அடியில் மூத்திர வாடை அவனுக்கு அப்படியே தெரியும். சிலர் வினிகர் ஊற்றச் சொல்வார்கள், எலுமிச்சை தேய்க்கச் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். புளிப்பும் ஆசிடும் அந்தக் கல்லை அரித்து, பளபளப்பை வெளுக்க வைத்துவிடும். ஈரத்தைத் துணியால் ஒற்றி எடு, தேய்க்காதே. காரமில்லாத சோப்புத் தண்ணீரில் துடைத்துவிட்டு, செல்லப்பிராணிக் கடையில் விற்கும், மூத்திர வாடையைச் சிதைக்கும் என்சைம் திரவத்தை ஓரமாக ஒரு கல்லில் சோதித்துப் பார்த்துப் போடு. எல்லாம் காய்ந்த பிறகு வழக்கம்போலத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொள்ளலாம்.

காரைக்குடி அண்ணன்:
கடி விஷயம் நான் சொல்கிறேன். ராஜபாளையம் வேட்டைக்கு ஓடும் இனம். அசைகிற சேலைக் கரை அவனுக்கு ஓடுகிற முயல் மாதிரி. அப்பத்தா காலை இழுக்க இழுக்க ஆட்டம் சூடு பிடிக்கும். 'அசையாமல் நில்லுங்கள்' என்று மட்டும் அவரிடம் சொல்லி வையுங்கள். நீங்கள் வந்து முடிச்சுப் போட்ட பழைய துண்டை அவன் வாயில் கொடுங்கள். உங்கள் கையைக் கடித்தால் சத்தம் போடாமல் எழுந்து பலகைக்கு அந்தப் பக்கம் போய், அரை நிமிடம் கழித்துத் திரும்பி வாருங்கள். கடித்தால் ஆட்டம் முடிந்தது என்று ஒவ்வொரு தடவையும் அவனுக்குத் தெரிய வேண்டும். ஒரு தடவை சிரித்து விட்டாலும் பழையபடி ஆகிவிடும்.

சாயங்காலம்தான் அதிகம் கடிக்கிறானா? அது பெரும்பாலும் தூக்கக் குறைவு. இந்த வயதில் நாளைக்கு 18 மணி நேரமாவது தூங்க வேண்டும். வெறி பிடித்த மாதிரி ஓட ஆரம்பித்தால் இருட்டான அமைதியான இடத்தில் படுக்க வையுங்கள். ராத்திரி படுக்கையை உங்கள் கட்டில் பக்கத்தில் போட்டு, கையைத் தொங்கவிட்டு அவன் மேல் வையுங்கள். விடியற்காலை 3 மணி வாக்கில் ஒரு தடவை வெளியே கூட்டிப் போய் வாருங்கள், விளையாட்டுக் காட்ட வேண்டாம்.

கானாடுகாத்தான் பேத்தி (22 நாள் கழித்து):
அழுகை ஐந்தாம் நாளே நின்றுவிட்டது. தோட்டத்து வேப்பமரத்தடியில் போகிறான். இந்த வாரம் உள்ளே இரண்டே தடவை, இரண்டும் நான் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது. பலகையை இன்னும் எடுக்கவில்லை. தூணுக்குப் பின்னால் ஒளிவதில்லை. அந்தப் பயம் தெளிய 12 நாள் ஆனது. காலை எழுந்ததும் என் பாதத்தின் மேல் மோவாயை வைத்துப் படுக்கிறான். சேலையைப் பிடிப்பது குறைந்திருக்கிறது, சாயங்காலம் மட்டும் மறக்கிறான்.

புதிதாக இரண்டு கேள்விகள். சீர் கொட்டான் (பனை ஓலைக் கூடை) ஒன்றைப் பிய்த்துப் போட்டுவிட்டான், என்ன செய்யலாம்? அப்பத்தாவுக்கு இப்போது பாசம் வந்து, கோழிக் குழம்பு ஊற்றிச் சோறு பிசைந்து வைக்கிறார். கொடுக்கலாமா?

பள்ளத்தூர், கால்நடை மருத்துவ மாணவி:
கொட்டானை மேலே எடுத்து வையுங்கள் அக்கா. இன்னும் சில வாரத்தில் பால் பல் விழ ஆரம்பித்து, 6, 7 மாதம் வரை எதையாவது மெல்லுவான். ஈரத் துணியை முறுக்கி ஃப்ரீசரில் வைத்து, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது கொடுங்கள், ஈறுக்கு இதம். பனை ஓலைத் துண்டை விழுங்கியிருந்தால் வாந்தி வருகிறதா, சாப்பிட மறுக்கிறானா என்று பாருங்கள். இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

குழம்பு வேண்டவே வேண்டாம். அதில் அரைத்திருக்கும் சின்ன வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைக் கெடுக்கும். வெந்த எலும்பு சிலும்பி குடலைக் குத்தும். மசாலா போடுவதற்கு முன்பே நாலு துண்டு வேகவைத்த கறியைத் தனியாக எடுத்து அப்பத்தா கையில் கொடுங்கள். அவன் உட்கார்ந்த பிறகு, காலை நீட்டிக்கொண்டு திண்ணையில் இருந்தபடியே அவர் போடட்டும். 3 மாதம் ஆகப் போகிறதே, ரேபிஸ் ஊசிக்குத் தேதி கேட்டுவிட்டீர்களா?

கானாடுகாத்தான் பேத்தி:
வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். அப்பத்தாவும் கூட வருகிறாராம்.