கேஷ்பேக் (2006): உறைந்து நிற்பவளிடம் யார் அனுமதி கேட்பது?

கரிக்கோல்:
ஷான் எல்லிஸ் இயக்கிய ‘கேஷ்பேக்’ அருமையான காதல் படம் என்று பலர் சொல்லக் கேட்டுப் பார்த்தேன். எனக்கு ஒப்பவில்லை.

பார்க்காதவர்களுக்குக் கதை இதுதான். இங்கிலாந்தில் ஓவியம் படிக்கும் பென், காதலி சூசியைப் பிரிந்தபின் தூக்கத்தைத் தொலைக்கிறான். சும்மா கிடக்கும் இரவை விற்றுக் காசாக்கலாம் என்று செயின்ஸ்பரீஸ் சூப்பர் மார்க்கெட்டில் நைட் ஷிஃப்டுக்குச் சேர்கிறான். அலுப்பைப் போக்கக் காலத்தை நிறுத்துகிறான். சாமான் எடுக்க வந்து அப்படியே உறைந்து நிற்கும் பெண்களின் உடையை விலக்கி, உட்கார்ந்து வரைகிறான். பிறகு காலத்தை ஓடவிடுகிறான். அவர்களுக்கு எதுவும் தெரியாது.

நானும் ஆளைப் பார்த்து வரையப் பழகியவள். எங்கள் வகுப்பில் மாடல் மேடையேறி நின்றதும், அவர் பாதத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போடுவோம். இடைவேளை முடிந்து வந்து அதே இடத்தில் நிற்பதற்காக. ஒருநாள் ஒரு அம்மா, “கை மரத்துப்போச்சு, கொஞ்சம் இறக்கிக்கிறேன்” என்றார். பன்னிரண்டு பேரும் பென்சிலைக் கீழே வைத்தோம். பென் வரையும் பெண்களில் ஒருத்திக்காவது அப்படிச் சொல்ல வழி இருக்கிறதா?

இரவுப்பணி:
கரிக்கோல், உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் நடப்பதெல்லாம் பென்னின் மண்டைக்குள். படம் முழுக்க அவன் குரலில்தான் வருகிறது. மாதக்கணக்கில் நைட் ஷிஃப்ட் பார்த்தவன் நான், அதனால் சொல்கிறேன். இரண்டரை மணி வாக்கில் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, ஒரு மணி நேரம் வேலை செய்தோம் என்று நினைத்து மறுபடி பார்த்தால் இரண்டு நாற்பது. பில் கவுண்டரில் இருக்கும் ஷேரன் தன் கைக்கடிகாரத்தின் முகத்தையே மறைத்து ஒட்டிவிடுவாள், கவனித்தீர்களா? அந்த ஒரு ஷாட்டில் என் இரவுகள் அத்தனையும் இருந்தன. காலத்தை மறைப்பவளும் காலத்தை நிறுத்துபவனும் ஒரே கூரையின் கீழ். காதல் அங்கேயே தொடங்கிவிட்டது.

கரிக்கோல்:
ஷேரனின் கடிகாரம் எனக்கும் பிடித்தது. அது அவளுடைய நேரம், அவள் மறைக்கிறாள், யாருக்கும் நஷ்டமில்லை. பென் நிறுத்துவது ஊரார் நேரத்தை. கற்பனைதானே என்கிறீர்கள். சரி, கற்பனை என்றே வைத்துக்கொள்வோம். கேமரா காட்டும் உடல்கள் கற்பனை இல்லையே? அவற்றை இளமையாக, ஒரே அளவாகத் தேர்ந்தெடுத்தது யார்? எல்லிஸ் ஃபேஷன் புகைப்படக் கலைஞராக இருந்தவர். அந்தக் கண் இதில் அப்பட்டமாகத் தெரிகிறது. ஓவியனுக்கு வயதான முதுகும் தொங்கிய தோளும்தான் விருந்து. பென் அந்தப் பக்கமே திரும்புவதில்லை.

மூன்றாம்வரிசை:
உங்கள் இருவருக்கும் நடுவில் ஒன்று. இது முதலில் 2004-இல் வந்த 18 நிமிடக் குறும்படம். ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. பிறகு அதை உள்ளே வைத்துத்தான் முழுநீளப் படமாக்கினார்கள். உடை விலக்கி வரையும் பகுதி குறும்படத்திலிருந்து வந்தது, காதல் கதை பின்னால் கட்டியது. கால்பந்துப் போட்டி, உடன் வேலை செய்பவர்களின் கூத்து எல்லாம் வீட்டோடு ஒட்டாத மாடி மாதிரி நிற்பது அதனால்தான்.

இரவுப்பணி:
மூன்றாம்வரிசை சொல்வது உண்மைதான், கால்பந்தை வெட்டியிருக்கலாம். ஆனால் பின்னால் கட்டிய பகுதிதான் கரிக்கோலுக்குப் பதில் சொல்கிறது. பார்ட்டியில் சூசி பென்னை முத்தமிடுவதை ஷேரன் பார்த்துவிடுகிறாள். அவன் பதறிப்போய் காலத்தை நிறுத்துகிறான். என்ன பயன்? நிறுத்தத்தான் முடிகிறது, பின்னால் ஓட்ட முடியவில்லை. உறைந்த உலகத்தில் தனியாக நாளைக் கழித்துவிட்டு, கடைசியில் அதே கணத்துக்குத்தான் வந்து நிற்கிறான். ஷேரனின் முகத்தில் அதே வலி அப்படியே காத்திருக்கிறது. அவனுடைய சக்தி எதற்கும் உதவாது என்று படமே சொல்லிவிடுகிறது.

கரிக்கோல்:
அந்தக் காட்சியை ஒத்துக்கொள்கிறேன், படத்திலேயே நேர்மையான இடம் அதுதான். ஆனால் அதற்கப்புறம் அவன் திருந்துகிறானா? ஷேரனை வரைந்த படங்களையே கண்காட்சியாக வைக்கிறான். அவளிடம் கேட்டானா? அவள் உள்ளே நுழைந்து, சுவர் முழுக்கத் தன் முகத்தைப் பார்க்கிறாள், நெகிழ்ந்துபோகிறாள். எனக்கு அந்த இடத்தில் முதுகு சில்லிட்டது. நானாக இருந்தால், இதையெல்லாம் எப்போது வரைந்தாய் என்றுதான் முதலில் கேட்டிருப்பேன்.

இரவுப்பணி:
கேட்க வேண்டிய கேள்விதான். அதைக் கேட்க அவளுக்கு ஒரு வசனமாவது தந்திருக்க வேண்டும், விட்டுவிட்டார்கள். ஆனாலும் கடைசிப் பனிக்காட்சியை இன்னொரு தடவை பாருங்கள். பனித்துளிகள் அந்தரத்தில் நிற்கின்றன, தெருவே உறைந்திருக்கிறது. ஷேரன் மட்டும் உறையவில்லை. அவனோடு நடக்கிறாள். காலம் நின்ற பிறகும் அசையக்கூடிய முதல் பெண் அவள்.

கரிக்கோல்:
பார்க்கிறேன். ஆனால் சூப்பர் மார்க்கெட்டில் நின்ற அந்தப் பெண்கள் இன்னும் அங்கேயேதான் நிற்கிறார்கள், என்னைப் பொறுத்தவரை.