ஓய்வுக்குப் பின் முதல் நாவல்: சொந்தமாக அச்சிடுவது எப்படி?

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியர். நாவல் தயார், டெமி என்ற புத்தக அளவில் 230 பக்கம். எத்தனை பிரதி அடிக்கலாம்? ஐஎஸ்பிஎன் (நூலின் அடையாள எண்) கட்டாயமா? எப்படி விற்பது?

பதில் 1: டிஜிட்டல் அச்சில் 100 போதும் ஐயா. தகடு செய்து அடிக்கும் ஆஃப்செட்டில் குறைந்த பிரதி கட்டுப்படியாகாது. நிறைய அடித்தால் மிச்சம் கட்டிலுக்கு அடியில்தான். ஆஃப்செட் என்றால் பாரத்துக்கு (ஒரு தாளில் சேர்த்து அடித்து மடிப்பது) 16 பக்கம், 240-க்கு இழுத்துவிடுங்கள். ஐஎஸ்பிஎன் கட்டாயமில்லை, ராஜா ராம்மோகன் ராய் முகமையில் இலவசம். தரகருக்குக் காசு தராதீர்கள்.

பதில் 2: பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததா? யூனிகோடுக்கு மாற்றிய பிறகே மெய்ப்பு பாருங்கள். பக்கம் வடிவமைக்கும் இன்டிசைன் மென்பொருளில் வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்ற அமைப்பைப் போடாவிட்டால் 'கொ'வின் கொம்பு இடம் மாறி நிற்கும்.

பதில் 3: வாட்ஸப் குழுவில் தினமும் "வாங்குங்கள்" என்றால் பழைய மாணவர்களே மியூட் செய்வார்கள். ஓர் அத்தியாயம் போடுங்கள். கீழே தபால் செலவு சேர்த்த விலை, ஜிபே எண். கடைக்காரருக்குத் தரும் கழிவையும் (கமிஷன்) கணக்கிட்டே விலை வையுங்கள்.