ஒடுக்குமுறை, வழிதவறும் இளையோர் பற்றிய நூல்களை நடப்புச் செய்திகளோடு சேர்த்து வாசிப்பது எப்படி?

படிக்கட்டு கேட்டது:

15 முதல் 18 வயதுக்காரர்களுக்கான வாசிப்பு வட்டம் ஒன்றுக்கு நூல்களும் செய்திகளும் தேர்ந்தெடுக்க வேண்டும். மொத்தம் ஆறு அமர்வுகள், ஒவ்வொன்றும் 90 நிமிடம். எடுத்துக்கொண்ட நூல்கள்: வால்டர் டீன் மையர்ஸின் ‘மான்ஸ்டர்’, வில்லியம் கோல்டிங்கின் ‘லார்ட் ஆஃப் த ஃப்ளைஸ்’, இஷ்மயேல் பியாவின் ‘எ லாங் வே கான்’. தமிழில் பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’யைச் சேர்க்கலாமா என்றும் யோசனை.

நூலைப் பற்றி மட்டும் பேசும்போது நன்றாகவே போகிறது. செய்தியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்ததும் பேச்சு படுத்துவிடுகிறது. “அன்றைக்கும் இதேதான், இன்றைக்கும் இதேதான்” என்று ஒருவர் சொல்வார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அல்லது நூலை விட்டுவிட்டுக் கட்சிச் சண்டை.

எந்தச் செய்தியை எந்த நூலோடு வைப்பது? நேரத்தை எப்படிப் பிரிப்பது? தீர்ப்பு வராத வழக்கைப் பேசலாமா? விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

இளவேனில்:

தலைப்பை வைத்துப் பொருத்துகிறீர்கள் என்று நினைக்கிறேன். ‘அநீதி’, ‘வன்முறை’ என்ற தலைப்பில் எந்த நூலையும் எந்தச் செய்தியோடும் ஒட்டிவிடலாம். ஒட்டியபின் பேச ஒன்றும் மிஞ்சாது. பொருத்த வேண்டியது தலைப்பை அல்ல, யாரோ ஒருவர் முடிவெடுக்கும் இடத்தை. நூலில் ஓர் இளைஞனின் கதி யாருடைய கையெழுத்தில், யாருடைய சொல்லில், எந்த விதியின் பேரில் மாறுகிறது? அதே வகை முடிவு எடுக்கப்பட்ட நிகழ்வைத் தேடுங்கள். நாடு வேறாக இருக்கலாம், காலம் வேறாக இருக்கலாம், தோற்றத்தில் ஒற்றுமையே இல்லாமலும் இருக்கலாம். அப்படி இருந்தால்தான் நல்லது.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம்.

நூலிலிருந்து ஒரே ஒரு காட்சி, மூன்று பக்கத்துக்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் போனால் வாய்விட்டு வாசிக்க முடியாது, ஆளுக்கொரு பகுதியைப் பிடித்துக்கொண்டு பேசுவார்கள். செய்தியிலிருந்து மூன்று தாள்கள்: ஒன்று, சம்பவம் நடந்த ஓரிரு நாளில் வந்த முதல் செய்தி; இரண்டு, மூல ஆவணம் ஒன்றின் (தீர்ப்பு, விசாரணை அறிக்கை, குற்றப்பத்திரிகை போன்றது) ஒரு பக்கம்; மூன்று, சில மாதங்கள் கழித்து வந்த செய்தி. கருத்துக் கட்டுரை வேண்டாம், தலையங்கமும் வேண்டாம். அவற்றில் முடிவு ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும், படிப்பவருக்கு ஆமாம் போடுவதா மறுப்பதா என்பது மட்டும்தான் வேலை. முதல் செய்தியையும் பிந்தைய செய்தியையும் அருகருகே வைப்பதற்குக் காரணம் உண்டு. முதல் நாள் செய்தியில் பெரும்பாலும் காவல்துறை தரப்பு மட்டுமே இருக்கும், தேதியை மறைத்துக் கொடுத்தால் அதையே முழு உண்மையாக எடுத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு தாளின் தலையிலும் தேதியைப் பெரிதாக எழுதுங்கள்.

90 நிமிடத்துக்கு: காட்சியை வாய்விட்டு வாசிக்க 15, செய்தித் தாள்களை மௌனமாக வாசிக்க 20, இருவர் இருவராக அமர்ந்து எழுத 25, பொதுப்பேச்சுக்கு 30. எழுதும் பகுதியைச் சுருக்கிவிடாதீர்கள். “இதேதான்” என்ற பேச்சு வருவது அதைச் சுருக்கும்போதுதான்.

தாளில் நூலுக்கு ஒரு பத்தி, நிகழ்வுக்கு ஒரு பத்தி. கேள்விகள்: முடிவெடுத்தவர் யார்? அந்த அதிகாரத்தை அவருக்குக் கொடுத்த விதி எது? அந்த இளைஞன் மறுத்திருக்க வழி இருந்ததா, மறுத்திருந்தால் விலை என்ன? இதற்கெல்லாம் முன்னால் ஒரு கட்டாயம்: இரண்டுக்கும் உள்ள மூன்று வேறுபாடுகளை முதலில் எழுத வேண்டும். ஒற்றுமையைப் பிறகு பேசலாம், அது எங்கும் ஓடிவிடாது.

‘லார்ட் ஆஃப் த ஃப்ளைஸ்’ பற்றித் தனியாக ஓர் எச்சரிக்கை. தீவில் தனியாகச் சிக்கிய பையன்கள் வன்முறையில் இறங்குவதைச் சொல்லும், 1954இல் வந்த அந்தக் கற்பனையை மனித இயல்புக்குச் சான்றாகக் காட்டுவது பெரும்பாலோர் செய்யும் தவறு. அதோடு ஏதாவது கும்பல் வன்முறைச் செய்தியை வைத்தால், “பையன்களைத் தனியாக விட்டால் இப்படித்தான்” என்பதைத் தாண்டிப் பேச்சு நகராது. மாறாக, 1965இல் பசிபிக் தீவு நாடான டோங்காவில் விடுதிப் பள்ளியிலிருந்து ஒரு படகை எடுத்துக்கொண்டு கிளம்பி, ஆட்டா என்ற ஆளற்ற தீவில் ஒதுங்கிய ஆறு மாணவர்களின் நிகழ்வை வையுங்கள். 1966 செப்டம்பரில் மீட்கப்படும் வரை, ஒரு வருடத்துக்கும் மேலாக, வேலையை முறைவைத்துப் பிரித்துக்கொண்டார்கள், நெருப்பை அணையவிடவில்லை, ஒருவனுக்குக் கால் முறிந்தபோது கட்டுப்போட்டுக் குணமாக்கினார்கள். திரும்பி வந்ததும் படகு திருடியதாக அவர்களையே சிறையில் அடைத்தார்கள்! பேச்சு அந்தச் சிறையில்தான் சூடுபிடிக்கும்.

ஆனால் இதையும் சான்றாக்கிவிடக் கூடாது. அவர்கள் ஒரே பள்ளி நண்பர்கள், ஆறே பேர், கடலோடு பழகியவர்கள். கோல்டிங்கின் தீவில் இருப்பவர்களோ ஒருவரையொருவர் அறியாத பிள்ளைகள் பலர், உலகம் போரில் இருக்கிறது. யார் விதி வகுத்தார்கள், விதியை மீறியவனை என்ன செய்தார்கள் என்ற இடத்தில் மட்டும் ஒப்பிடுங்கள்.

---

மணிமாறன்:

‘மான்ஸ்டர்’ நாவலுக்கு நியூயார்க் சென்ட்ரல் பார்க் வழக்கு சரியாக இருக்குமே? 1989இல் அந்தப் பூங்காவில் ஒரு பெண்ணைத் தாக்கி வன்புணர்ந்ததாக 14 முதல் 16 வயது வரையான ஐந்து பையன்களைப் பிடித்தார்கள். டிஎன்ஏ எதுவும் பொருந்தவில்லை, வாக்குமூலத்தை வைத்தே 1990இல் தண்டனை. 2002இல் சிறையில் இருந்த வேறொருவர் தானே செய்ததாக ஒப்புக்கொண்டார், டிஎன்ஏவும் அவருடையதோடு பொருந்தியது, தீர்ப்புகள் ரத்தாகின. அதே ஊர், அதே வயது, அதே நிறவெறிப் பின்னணி. தாள்களும் எளிதில் கிடைக்கும்.

---

கறுப்புமை:

மணிமாறன் சார், எல்லோரும் அதைத்தான் வைக்கிறார்கள். ஊரும் வயதும் பொருந்துகின்றன, முடிவெடுக்கும் இடம் பொருந்தவில்லை. சென்ட்ரல் பார்க் வழக்கின் அடி நாதம் பொய் வாக்குமூலம்: பல மணி நேர விசாரணையில் பிள்ளைகள் செய்யாததை ஒப்புக்கொண்டார்கள். ‘மான்ஸ்டர்’ அதைப் பற்றியது அல்ல. 16 வயது ஸ்டீவ் ஹார்மன் மீதுள்ள குற்றச்சாட்டு, கொள்ளைக்கு முன் கடைக்குள் போய் ஆள் நடமாட்டம் பார்த்துச் சொன்னான் என்பது. கொலை செய்தவன் அவன் இல்லை என்பதை அரசுத் தரப்பே ஒப்புக்கொள்கிறது. கொள்ளையில் பங்கு இருந்தால் கொலையிலும் பங்கு என்ற சட்டத்தின் கீழ்தான் கூண்டில் நிற்கிறான். அவன் உண்மையில் அங்கே என்ன செய்தான் என்பதை நாவல் கடைசிவரை தெளிவாகச் சொல்வதும் இல்லை. சென்ட்ரல் பார்க்கை வைத்தால், ஸ்டீவும் அப்பாவி என்று பிள்ளைகள் முன்கூட்டியே முடிவு கட்டிவிடுவார்கள். நாவலின் முக்கியமான சந்தேகம் காணாமல் போய்விடும்.

பொருத்தமானது அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 2012 மில்லர் எதிர் அலபாமா தீர்ப்பு. அதோடு சேர்த்து விசாரிக்கப்பட்ட ஆர்க்கன்சா வழக்கைப் பாருங்கள்: 14 வயதுப் பையன் இரண்டு பேரோடு ஒரு வீடியோ கடைக்குக் கொள்ளையடிக்கப் போகிறான், முதலில் வெளியே நிற்கிறான், பிறகு உள்ளே போகிறான், சுட்டது வேறொருவன். தண்டனை, பரோலே இல்லாத ஆயுள் சிறை. நீதிபதி குறைக்க நினைத்தாலும் சட்டத்தில் இடமில்லை. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இப்படிக் கட்டாயமாக விதிப்பது அரசியல் சாசனத்துக்கு முரண் என்று 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. முன்பே தண்டிக்கப்பட்டவர்களுக்கும் அது பொருந்தும் என்று 2016இல் மாண்ட்கோமரி வழக்கில் சொன்னார்கள். 2021இல் ஜோன்ஸ் எதிர் மிசிசிப்பி வழக்கில், அப்படிப்பட்ட தண்டனை தருவதற்கு முன் ‘இவன் திருந்தவே மாட்டான்’ என்று நீதிபதி தனியாகக் கண்டறிய வேண்டியதில்லை என்றார்கள். இது தேங்கிய வரலாறு அல்ல, இன்னும் நகர்ந்துகொண்டிருக்கும் விஷயம். உங்களுக்கு வேண்டியதும் அதுதானே.

அமெரிக்காவில் மட்டுமே இருக்கும் கிறுக்குத்தனம் என்று யாராவது சொன்னால், 2016 பிப்ரவரியில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஜோகீ வழக்கில் சொன்னதைக் கொடுங்கள். கூட்டாளி கொலை செய்யக்கூடும் என்று முன்கூட்டி உணர்ந்திருந்தாலே கொலைக் குற்றம் என்ற நிலைப்பாட்டில் 1984இலிருந்தே சட்டம் தவறான பாதையில் போயிருந்ததாக அந்த நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. உணர்ந்திருந்தது நோக்கத்துக்கு ஒரு சாட்சியமாகலாம், அது மட்டுமே போதாது என்பது புதிய நிலை.

காட்சியாக, அரசு வழக்கறிஞரின் இறுதி வாதத்தை எடுங்கள். தீர்ப்புக்குப் பின் ஸ்டீவைக் கட்டிக்கொள்ளாமல் அவனுடைய வழக்கறிஞர் முகம் திருப்பும் இடம் உருக்கமானதுதான். ஆனால் அதை எடுத்தால் பேச்சு முழுக்க உணர்ச்சியில் போய்விடும், சட்டத்துக்கு வராது.

---

படிக்கட்டு:

நன்றி. சென்ட்ரல் பார்க்கைத்தான் அச்சடிக்கத் தயாராக எடுத்து வைத்திருந்தேன். ‘எ லாங் வே கான்’ பற்றி யாராவது சொல்லுங்களேன். இன்னொன்று, தீர்ப்பு வராத வழக்கைப் பற்றிக் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

---

தாமரை_க:

சிறார் படைவீரர் விஷயத்துக்கு டொமினிக் ஓங்வென் தீர்ப்பை விடப் பொருத்தமானது வேறில்லைங்க. உகாண்டாவில் பள்ளிக்குப் போகும் வழியில் சிறுவனாக லார்ட்ஸ் ரெசிஸ்டன்ஸ் ஆர்மி என்ற கிளர்ச்சிப் படையால் கடத்தப்பட்டவர், பின்னால் அதிலேயே தளபதி ஆனார். 2002 முதல் 2005 வரை செய்த குற்றங்களுக்காக சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் அவரைக் குற்றவாளி என்றது, மே மாதம் 25 ஆண்டு சிறை. சிறுவர்களைப் படையில் சேர்த்ததும் அந்தக் குற்றங்களில் ஒன்று. குழந்தைப் பருவத்தில் கடத்தப்பட்டதைத் தண்டனையைக் குறைக்கும் காரணமாக எடுத்துக்கொண்டார்கள், குற்றத்திலிருந்து விடுவிக்கும் காரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. பியாவின் நூல், சியரா லியோன் போரில் படைவீரனாக்கப்பட்ட ஒரு சிறுவன் மீட்கப்படுவதைச் சொல்கிறது. மீட்க யாரும் வராமல் அதே சிறுவன் அங்கேயே வளர்ந்திருந்தால்? இந்தக் கேள்வியை நீங்க எழுதிக் கொடுக்க வேண்டியதே இல்லை, இரண்டையும் பக்கத்தில் வைத்தால் அவங்களே கேட்பாங்க.

கூடவே இரண்டு விவரம் தயாராக வைத்துக்கொள்ளுங்க. குற்றம் நடந்தபோது 18 வயது நிரம்பாதவரை சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் விசாரிக்க முடியாது. சியரா லியோனுக்கான சிறப்பு நீதிமன்றத்துக்கு 15 வயதிலிருந்தே விசாரிக்கும் அதிகாரம் இருந்தும், சிறார்கள் மேல் வழக்குத் தொடர மாட்டோம் என்று அதன் வழக்குத்தொடுநர் 2002இல் அறிவித்தார். ‘முடிவெடுத்தவர் யார், எந்த விதி’ என்ற பத்தியை நிரப்ப இது உதவும்.

பியாவின் நூலைத் தன்வரலாறாக அறிமுகப்படுத்தும்போது, அதில் வரும் காலக்கணக்கை 2008இல் ஒரு ஆஸ்திரேலிய நாளிதழ் கேள்விக்குள்ளாக்கியதையும், ஆசிரியர் தன் எழுத்தில் உறுதியாக நின்றதையும் சேர்த்தே சொல்லிவிடுங்க. மறைத்தால் எவராவது கைபேசியில் தேடிப் பிடித்து, “எல்லாமே பொய்” என்று மொத்தத்தையும் தள்ளிவிடுவாங்க.

‘கூளமாதாரி’யைக் கட்டாயம் சேருங்க. குழந்தை உழைப்பு என்றதும் தொழிற்சாலைதான் எல்லோர் மனசிலும் வருது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் யுனிசெஃபும் 2025 ஜூனில் தந்த கணக்குப்படி 2024இல் உலகில் ஏறத்தாழ 13 கோடியே 80 லட்சம் சிறார் தொழிலாளர்கள். அதில் 61 சதவீதம் விவசாயத்திலும் கால்நடையிலும்தான். நாவலில் ஆடு மேய்க்கும் சிறுவன் கூளையன் அந்த 61க்குள் இருக்கிறவன். 2020 கணக்கு 16 கோடி, ஆக எண்ணிக்கை குறைந்திருக்கு. அதையும் சொல்லணும், இல்லாவிட்டால் எதுவும் மாறவே மாறாது என்ற சலிப்புதான் மிஞ்சும். காட்சிக்கு, பண்ணையக்காரர் மகனோடு அவனுக்குள்ள நட்பு வரும் பக்கங்களில் ஒன்றை எடுங்க. அடிக்கிற காட்சியில் ஒடுக்குமுறை எல்லார் கண்ணுக்கும் தெரிஞ்சுடும். நட்புக்குள்ளே யார் சொல்வது நடக்கிறது என்பதைத்தான் உட்கார்ந்து தேடணும்.

---

இளவேனில்:

தீர்ப்பு வராத வழக்கு: பேசலாம், ஆனால் ‘செய்தான்’ என்று யாரும் எழுதக் கூடாது, ‘செய்ததாகக் குற்றச்சாட்டு’ என்றே எழுத வேண்டும். “குற்றவாளியா?” என்று கேட்காதீர்கள். “இதுவரை யார் யார் பேசியிருக்கிறார்கள், யாருடைய குரல் இன்னும் வரவில்லை?” என்று கேளுங்கள். செய்தியை ஒரு தேதியோடு நிறுத்திவிடுங்கள், அமர்வின் நடுவில் கைபேசியில் புதிய தகவல் தேட வேண்டாம். ஐந்தாவது அமர்வில் பேசிய வழக்கில் ஆறாவது அமர்வுக்குள் ஏதாவது மாறியிருந்தால், முதல் பத்து நிமிடத்தை அதற்கு ஒதுக்கினால் போதும்.

சம்பந்தப்பட்டவர் சிறார் என்றால் பெயரைக் கறுப்படித்தபின்தான் அச்சடிக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்ட குழந்தையின் அந்தரங்கம் விசாரணையின் எல்லாக் கட்டத்திலும் காக்கப்பட வேண்டும் என்று 1989இன் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 40ஆவது பிரிவு சொல்கிறது. அடையாளம் தெரியும்படி எதையும் வெளியிடக் கூடாது என்பது சிறார் நீதி பற்றிய ஐ.நா.வின் 1985ஆம் ஆண்டு பெய்ஜிங் விதிகளில் உண்டு. பெயரை மட்டும் அடித்துவிட்டுப் பள்ளி, தெரு, தந்தையின் தொழில் மூன்றையும் விட்டுவைத்தால் அடித்ததில் பயனில்லை, அவற்றை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். உங்கள் நாட்டுச் சட்டம் இன்னும் கடுமையாக இருக்கக்கூடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

காணொளி வேண்டவே வேண்டாம். எழுத்தில் வாசிக்கும்போது கண்ணை நகர்த்திக்கொள்ளலாம், திரையில் அந்த வசதி கிடையாது. கடுமையான காட்சி வரும் பக்க எண்ணை முந்தைய அமர்விலேயே சொல்லிவிடுங்கள், விரும்பாதவருக்கு மாற்றுப் பகுதி கையில் இருக்கட்டும். “உனக்கு இப்படி நடந்திருக்கிறதா?” என்று யாரிடமும் கேட்காதீர்கள். பாதிக்கப்பட்டவர் அறைக்குள்ளேயே இருக்கலாம், அடித்தவரும் இருக்கலாம். கேள்வி எப்போதும் பாத்திரத்தைப் பற்றியதாக இருக்கட்டும். தானாக ஒருவர் சொல்ல முன்வந்தால் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அதை அன்றைய பேச்சின் பொருளாக்கிவிடாதீர்கள். அமர்வு முடிந்ததும் தனியாகப் பேச ஒரு பெரியவர் பொறுப்பில் இருக்க வேண்டும், அவர் யார் என்பது முதல் நாளே எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கட்சிச் சண்டைக்கு ஒரே மருந்து, கையிலிருக்கும் தாள். “நீங்கள் சொன்னது எந்தத் தாளில், எந்த வரியில்?” என்று கேளுங்கள். வரி இல்லையென்றால் பலகையின் ஓரத்தில் குறித்துவைத்துவிட்டு அடுத்தவருக்குப் போங்கள். ஆறு அமர்வுக்கு நான்கு நூல் தாங்கும், நூலுக்கு ஒன்றாக நான்கு. மீதி இரண்டில் ஒன்றை ‘மான்ஸ்டர்’ எடுத்துக்கொள்ளட்டும், மில்லர் தீர்ப்பைத் தொட்டால் 90 நிமிடம் போதாது.