சங்க மேலாளர் வேலை: சேவை எங்கே முடிகிறது, எடுபிடி எங்கே தொடங்குகிறது?

நூல்கண்டு கேட்டது:

வணக்கம். எட்டு வருடம் ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணி பார்த்துவிட்டு, போன ஆவணியில் கொங்குப் பக்கம் ஒரு சிறுதொழில் சங்கத்தில் மேலாளராகச் சேர்ந்தேன். உறுப்பினர்கள் 380 பேர், பெரும்பாலும் லேத் பட்டறை, பவுண்டரி, பேக்கிங் யூனிட். தேர்தலில் வந்த கமிட்டி 15 பேர். சம்பளத்துக்கு இருப்பது நான், ஒரு கணக்கர், ஓர் ஆபீஸ் பையன், அவ்வளவுதான்.

பழைய இடத்தில் சர்வன்ட் லீடர்ஷிப் என்று மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். கொடுத்த தாளில் ‘சேவகத் தலைமை’ என்று தமிழில் போட்டிருந்ததைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் விஷயம் பிடித்திருந்தது. அதட்டாமல், முன்னால் போய் நிற்காமல், ஒதுங்கி நிற்பவர்களையும் இழுத்து உட்கார வைத்து வேலை நடக்கும்படி பார்த்துக்கொள்வது. எனக்கு அதுதான் வரும்.

இங்கே வந்து மூன்றாவது கமிட்டிக் கூட்டத்தில் ஆபீஸ் பையன் லீவு. பிளாஸ்க் மேஜையில் இருந்தது, யாரும் தொடவில்லை, நானே எழுந்து எல்லோருக்கும் ஊற்றினேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அடுத்த கூட்டத்துக்குப் பையன் வந்திருந்தான். ஆனாலும் பொருளாளர் என் பக்கம் திரும்பி, “மேடம், டீ” என்றார்.

இரண்டாவது, பட்டியலில் 26 பெண்கள் இருக்கிறார்கள். பாதிக்கு மேல் மானியத்துக்கும் லோனுக்கும் மனைவி பெயரில் போட்ட யூனிட்டுகள், ஊருக்கே தெரியும். ஆனால் 9 பேர் நிஜமாகவே தாங்களே நடத்துகிறார்கள். ஒருவர்கூட கூட்டத்துக்கு வந்ததில்லை. கூட்டம் இரவு எட்டு மணிக்கு ஒரு ஹோட்டலின் மாடி ஹாலில், கீழே பார். “கூப்பிட்டோம், வரலை” என்பார்கள். அப்புறம், காலனியிலிருந்து வந்து சொந்தப் பட்டறை போட்ட ஏழெட்டு இளைஞர்கள் சந்தாவை ஒழுங்காகக் கட்டுகிறார்கள், பொதுக்குழுவில் கடைசி வரிசையில் உட்கார்கிறார்கள், சாப்பாட்டுக்கு முன்பே கிளம்பிவிடுகிறார்கள். ஏன் என்று யாரும் கேட்பதில்லை, எல்லோருக்கும் தெரியும் என்பதால் இருக்கலாம்.

எனக்கு ஓட்டு கிடையாது, பதவி கிடையாது. இந்த நிலையில் இருந்துகொண்டு எதையாவது மாற்ற முடியுமா, இல்லை நான் பயிற்சித் தாளை நம்பி ஏமாறுகிறேனா? இந்த வேலையிலேயே வளர வழி உண்டா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய செயலர்:

22 வருடம் ஒரு வணிகர் சங்கத்தில் இதே நாற்காலியில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். டீ ஊற்றினதில் தப்பில்லை அம்மா. மினிட்ஸ் புத்தகம் யார் கையில் இருக்கிறது, அஜெண்டாவை யார் எழுதுகிறார்கள், அதைப் பாருங்கள். இரண்டும் உங்களிடம் இருந்தால் டீ ஒரு விஷயமே இல்லை. இரண்டும் இல்லை என்றால் டீ ஊற்றாமல் இருந்தாலும் நீங்கள் எடுபிடிதான்.

அமுல் குரியனைப் பாருங்கள். நம் லயோலாவிலும் கிண்டியிலும் படித்தவர், 1949-ல் குஜராத்தில் இருக்கும் ஆனந்துக்குப் போனார், போன வேகத்தில் அங்கிருந்து கிளம்பிவிடத்தான் துடித்தார். அங்கே விவசாயிகள் தேர்ந்தெடுத்த தலைவர் திரிபுவன்தாஸ் படேல், 1946-ல் தொடங்கிய பால் சங்கம். கிராமம் கிராமமாகப் போய் ஆட்களைச் சேர்த்தது, ஒற்றுமையாக வைத்திருந்தது படேல். ஆலையும் விற்பனையும் குரியன் பொறுப்பு. கடைசிவரை தன்னை விவசாயிகளிடம் சம்பளம் வாங்கும் ஆள் என்றுதான் சொல்லிக்கொண்டார் குரியன். அவரைப் பார்த்து யாராவது டீ கேட்டிருப்பார்களா? (அவருடைய கோபம் வேறு பிரசித்தம், அது உங்களுக்கு வேண்டாம்.) தேர்ந்தெடுக்கப்பட்டவர் வேலை எது, சம்பளக்காரர் வேலை எது என்ற கோடு அங்கே தெளிவாக இருந்தது. உங்கள் இடத்தில் அந்தக் கோட்டை யாரும் போட்டிருக்க மாட்டார்கள். தலைவரோடு தனியாக ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஒரு பக்கத்துக்குள் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கமிட்டிக்கு நடுவில் கேட்டால் கௌரவப் பிரச்சினை ஆகிவிடும், தனியாகக் கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்.

கூட்ட நேரத்தை மாற்ற ஓட்டு வேண்டாம். “ஹால் வாடகை மிச்சம், சங்க ஆபீஸிலேயே சனிக்கிழமை 11 மணிக்கு வைத்துப் பார்ப்போமா” என்று அஜெண்டாவில் ஒரு வரி. பெண்களுக்காக என்று எழுதாதீர்கள், வாடகைக்காக என்று எழுதுங்கள். என் அனுபவத்தில் கொள்கையைவிட மிச்சப்படும் பணத்துக்கு ஓட்டு சீக்கிரம் விழும்.

கறார் கண்ணம்மா:

மேலே சொன்னவர் நல்ல மனசோடு சொல்கிறார், ஆனால் எனக்கு இந்தச் சேவை பேச்சு என்றாலே ஒவ்வாமை. நான் இருந்த தொண்டு நிறுவனத்தில் நாலு மாதம் சம்பளம் பாக்கி. கேட்டால், “சேவை மனப்பான்மை இல்லாதவங்க இங்க எதுக்கு வரணும்” என்றார் இயக்குநர், சொல்லிவிட்டு ஆபீஸ் காரில் ஏறிப் போனார். கீழே இருப்பவரைப் பார்த்து மேலே இருப்பவர் சொன்னால் அது தலைமை இல்லை, கூலியைக் குறைக்கும் வழி.

நூல்கண்டு, முதலில் உங்கள் நியமன உத்தரவை எடுத்துப் படியுங்கள். மூன்றே பேர் என்பதால் பி.எஃப். கட்டாயமில்லை, அது 20 பேரிலிருந்துதான். கிராஜுவிட்டியும் 10 பேர் இருந்தால்தான். ஆகவே இந்த இரண்டும் சட்டப்படி உங்களுக்கு வராது, எழுத்தில் இருப்பதைத்தான் நம்ப முடியும். லீவு, இரவுக் கூட்டத்துக்குப் பிறகு வீடு சேரும் வண்டி, எல்லாம் எழுத்தில் வரட்டும்.

அதற்காக நான் எல்லாவற்றையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சுயதொழில் செய்யும் பெண்களின் அமைப்பான அகமதாபாத் சேவாவைப் பாருங்கள், பெயரே சேவா, ஆனால் எலா பட் 1972-ல் அதைப் பதிவு செய்தது தொழிற்சங்கமாக. தெருவில் விற்பவர்களுக்கும் சுமை தூக்குபவர்களுக்கும் முதலாளி யார், யாரை எதிர்த்துச் சங்கம் என்று கேட்டு முதலில் பதிவு செய்ய மறுத்தார்கள். இரண்டு வருடம் கழித்து 4,000 பெண்கள் ஆளுக்கு 10 ரூபாய் போட்டு வங்கி தொடங்கினார்கள். பாதிப்பேருக்கு மேல் கையெழுத்துப் போடத் தெரியாது. முதலில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு வா என்று யாரும் திருப்பி அனுப்பவில்லை, போட்டோ எடுத்து அதையே அடையாளமாக வைத்துக்கொண்டார்கள். உங்கள் சங்கத்தில் இரவு எட்டு மணியும் பாரும்தான் அந்தக் கையெழுத்து.

மூணுசக்கரம்:

நான் சக்கர நாற்காலியில் இருப்பவன், ஒரு மாற்றுத்திறனாளிகள் அமைப்பில் பொருளாளர். நான் முதலில் உறுப்பினராக இருந்தது வேறொரு அமைப்பு, எங்களுக்காக நடத்தப்பட்டது, நிர்வாகத்தில் எங்களில் ஒருவர்கூட கிடையாது. கூட்டம் மாடியில், 17 படி. ஒவ்வொரு முறையும் நாலு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போவார்கள். அன்பாகத்தான். ஒருமுறை திருப்பத்தில் என் செருப்பு கழன்று கீழே விழுந்து, ஒரு பையன் அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தான், கூட்டம் முழுக்க அதை மடியிலேயே வைத்திருந்தேன். என்ன பேசினார்கள் என்று ஒன்றும் மனதில் நிற்கவில்லை.

தூக்கினவர்கள் எல்லோரும் சேவைதான் செய்தார்கள். கூட்டத்தைக் கீழே இருந்த ஸ்டோர் ரூமில் வைக்கலாமே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை, நானும் இரண்டு வருடம் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்றால், தூக்குகிறவர்களிடம் குறை சொல்ல வாய் வராது.

அந்தக் கடைசி வரிசை இளைஞர்கள் விஷயத்தையும் இப்படிப் பாருங்கள். அவர்களை மேடையில் ஏற்றி மாலை போட வேண்டாம், அதுவும் தூக்குவதுதான். தனியாகப் பட்டறைக்குப் போய், சங்கத்தால் உங்களுக்கு என்ன ஆகணும் என்று கேளுங்கள். பந்தி முறையையும் மாற்றப் பாருங்கள், பொட்டலமாகக் கொடுத்துவிட்டால் யாருக்குப் பக்கத்தில் யார் என்ற கேள்வியே வராது. அது தீர்வு இல்லை, எனக்குத் தெரியும். முதல் வருடத்துக்கு அது போதும்.

வடக்குக் காற்று:

சிகாகோவில் ஒரு தொழில்முறைச் சங்கத்தின் அலுவலகத்தில் இருக்கிறேன். இந்த ஊரிலும் வாஷிங்டனிலும் இது தனித் தொழில், சங்க நிர்வாகிகளுக்கென்றே ஒரு சங்கம், அது நடத்தும் சிஏஇ என்ற தேர்வுகூட உண்டு. இந்தியாவில் அந்தப் பட்டத்தைச் சொன்னால் யாருக்கும் தெரியாது என்பதால் அதற்காகச் செலவழிக்க வேண்டாம். உங்கள் வேலையில் வளர வழி, சட்டம், ஜிஎஸ்டி, மின்கட்டணம், அரசு மானியம் இவற்றில் உறுப்பினர்கள் உங்களைத் தேடி வரும்படி ஆவதுதான், அடுத்த பெரிய சங்கம் அப்படித்தான் கூப்பிடும்.

ஒரு திருத்தம். சர்வன்ட் லீடர்ஷிப் என்ற பெயரைப் பிரபலமாக்கின கிரீன்லீஃப், ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனத்தில் ஏறக்குறைய 40 வருடம் இருந்துவிட்டு 1970-ல் அதைப் பற்றிய கட்டுரையை எழுதினார். பயிற்சிகளில் பணிவு பணிவு என்று சொல்லி அவர் வைத்த சோதனையை விட்டுவிடுகிறார்கள். சேவை பெற்றவர்கள் வளர்ந்தார்களா, முன்பைவிடச் சுதந்திரமாக இருக்கிறார்களா, இருப்பதிலேயே கீழே இருப்பவருக்கு இதனால் என்ன ஆயிற்று என்பதுதான் கேள்வி. பொருளாளருக்கு டீ ஊற்றியதால் பொருளாளர் வளரவில்லை.

இன்னொன்று, இங்கே பெரும்பாலான சங்கங்களில் தேர்தலுக்குப் பல மாதம் முன்பே ஒரு சிறு குழு உட்கார்ந்து யாரை நிறுத்தலாம் என்று பட்டியல் போடும். அலுவலகத்தில் இருப்பவருக்கு ஓட்டு இல்லை, ஆனால் “போன வருடம் யார் வேலை செய்தார்கள்” என்ற தாளைத் தயாரிப்பது அவர்தான். உங்கள் ஊரில் குழு இருக்காது, தலைவர் வீட்டுத் திண்ணை இருக்கும். தாளை அங்கே கொண்டு போங்கள்.

நூல்கண்டு:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், இடையில் கொஞ்சம் நடந்தது.

ஒன்பது பெண்களுக்கும் போன் போட்டேன். ஆறு பேர் எடுத்தார்கள். அட்டைப்பெட்டி யூனிட் நடத்தும் ஓர் அக்கா, “எனக்குக் கமிட்டியெல்லாம் வேண்டாம் கண்ணு, நீங்க அனுப்பற சர்க்குலர் இங்கிலீசுல இருக்குது, என் பையன் காலேஜ்ல இருந்து வந்து படிச்சுச் சொல்றதுக்குள்ள கடைசித் தேதி போயிருது, அதை மாத்துங்க” என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐந்து மாதமாக அந்த சர்க்குலரை அனுப்பிக்கொண்டிருந்தது நான்தான். இப்போது தமிழில் ஒன்றரை நிமிடம் பேசி வாட்ஸ்அப்பில் வாய்ஸ் போடுகிறேன். கமிட்டியில் இருக்கும் நாலைந்து ஆண்கள் தனியாகக் கூப்பிட்டு, “இது நல்லாருக்குது மேடம்” என்றார்கள், குரூப்பில் சொல்லவில்லை.

சனிக்கிழமை 11 மணி, வாடகை மிச்சம் என்றே எழுதினேன், நிறைவேறிவிட்டது. பழைய செயலர் ஐயா, ஒரு பக்கத் தாள் இன்னும் தலைவர் சட்டைப்பையில் இருக்கிறது, கையெழுத்து ஆகவில்லை. பட்டறைகளுக்குப் போக இன்னும் நேரம் அமையவில்லை, அதை மறைக்க விரும்பவில்லை.

போன கூட்டத்தில் பிளாஸ்க்கை மேஜை நடுவில் வைத்துவிட்டு நான் மினிட்ஸ் எழுத உட்கார்ந்துவிட்டேன். பத்து நிமிடம் யாரும் தொடவில்லை. அப்புறம் அந்த அட்டைப்பெட்டி அக்கா, முதல் தடவையாக வந்தவர், எழுந்து போய்த் தனக்கு மட்டும் ஒரு கப் ஊற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

பழைய செயலர்:

சட்டைப்பைத் தாளை விடாதீர்கள், சட்டை சலவைக்குப் போவதற்குள் இன்னொரு நகல் கொடுங்கள். பட்டறைகளுக்குச் செவ்வாய்க்கிழமை போங்கள், திங்கள் போனால் வேலை நெருக்கத்தில் யாரும் பேச மாட்டார்கள்.