புது டீம் ஒரு நிலைக்கு வரும்வரை: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

ஃபார்மிங் (ஒன்றுசேர்வது), ஸ்டார்மிங் (உரசிக்கொள்வது), நார்மிங் (பொது வழக்கங்களுக்கு வருவது), பெர்ஃபார்மிங் (நன்றாக ஓடுவது): ஒரு டீம் கடந்துவரும் நான்கு கட்டங்கள். டீம் லீடாக இருப்பவர்கள் ஏதாவது ஒரு பயிற்சி வகுப்பில் இந்த வரிசையைக் கேட்டிருப்பீர்கள். அமெரிக்க உளவியலாளர் புரூஸ் டக்மன் 1965-இல் எழுதியது. இதில் இரண்டாவது கட்டத்தைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. அதை எப்படியாவது சீக்கிரம் கடந்துவிடப் பார்ப்பவர்கள்தான் அதிகம். என் டீம் டீமாக ஆனதே அங்கேதான்.

சம்பளக் கணக்கு மென்பொருளை மாற்றும் வேலை. கணக்குப் பிரிவிலிருந்து பாதிப் பேர், மென்பொருள் எழுதுபவர்கள் பாதிப் பேர். ஆரம்பத்தில் ஒரே மரியாதைதான். எதைச் சொன்னாலும் தலையாட்டுவார்கள், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், எல்லோர் கண்ணும் என் முகத்தில்தான் இருக்கும். இந்த நேரத்தில் "நீங்களே பேசி முடிவு செய்யுங்கள்" என்று விட்டால் தவித்துப்போவார்கள். யாருக்கு என்ன வேலை, சந்தேகம் வந்தால் யாரிடம் போக வேண்டும், எதை யார் முடிவு செய்வார்கள் என்று நானே தெளிவாகச் சொன்னேன். அப்போதைக்கு அது போதுமானதாக இருந்தது.

அப்புறம் வெடித்தது. கணக்குப் பிரிவின் மூத்த அம்மா ஒருவர் மீட்டிங்கில் சொன்னார்: "நீங்க முடிஞ்சதுன்னு சொல்ற அன்னைக்குத்தான் எனக்கு வேலையே ஆரம்பிக்குது." எதிரில் இருந்த இளைஞர் விடவில்லை: "கேட்டதைச் செஞ்சுட்டேன் மேடம். கேட்காததை எப்படிச் செய்யறது?" அன்றிலிருந்து இருவரும் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்துகொண்டு மின்னஞ்சலில்தான் பேசிக்கொண்டார்கள். ஒருவரை வேறு வேலைக்கு மாற்றிவிடுங்கள் என்று மேலிருந்து யோசனை வந்தது. நான் சம்மதிக்கவில்லை. மாற்றினால் ஆள் போவார், பிரச்சினை அங்கேயே இருக்கும்.

இருவரையும் உட்காரவைத்து ஒரே ஒரு கேஸைக் கொடுத்தேன். மாதத்தின் நடுவில் வேலைக்குச் சேர்ந்தவர், இடையில் சம்பளமில்லா விடுப்பு எடுத்திருக்கிறார். இவருக்கு இந்த மாதச் சம்பளம் எவ்வளவு? தனித்தனியாகக் காகிதத்தில் போடச் சொன்னேன். விடை வேறு வேறாக வந்தது. ஒருவர் மாதத்தின் மொத்த நாட்களால் வகுத்திருந்தார், மற்றவர் வேலை நாட்களால். இருவர் கையிலும் தங்கள் வழிக்கு ஆதாரமான ஆவணம் இருந்தது. அந்த இரண்டு ஆவணங்களும் ஒன்றுக்கொன்று முரண் என்பது அதுவரை யார் கண்ணிலும் படவில்லை. அந்த அம்மா காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்போ நீ தப்பா போடலை" என்றார். சண்டை அதோடு நிற்கவில்லை. ஆனால் ஆளை விட்டு விதிக்கு நகர்ந்துவிட்டது. எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

அந்த வாரமே 'முடிந்தது' என்று எப்போது சொல்லலாம் என்பதை அவர்களே எழுதினார்கள். கடந்த மாதச் சம்பளத்தைப் பழையதிலும் புதியதிலும் பேரலல் ரன்னாக, அதாவது இரண்டிலும் தனித்தனியாக, ஓட்ட வேண்டும், இரண்டும் ஒத்துப்போக வேண்டும், கணக்குப் பிரிவு கையெழுத்துப் போட வேண்டும். நான் எழுதிக் கொடுத்திருந்தால் அது இன்னொரு உத்தரவாகத்தான் இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு என்னிடம் வரும் கேள்விகள் குறைந்து, ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளத் தொடங்கினார்கள். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நட்பு கெட்டுவிடக் கூடாதே என்று எல்லாவற்றுக்கும் சரி சொல்லும் பழக்கம் இந்த மூன்றாவது கட்டத்தில்தான் ஒட்டிக்கொள்ளும். முக்கியமான முடிவுகளில் ஓட்டை தேடும் வேலையை முறைவைத்து ஒருவரிடம் கொடுத்தேன்.

டீம் நன்றாக ஓடத் தொடங்கிய பின் இரண்டு புதியவர்கள் சேர்ந்தார்கள். மறுபடி அதே மரியாதை, மறுபடி உரசல். இது சரிவு இல்லை. டக்மன் தொகுத்துப் பார்த்த 50 கட்டுரைகளில் பெரும்பாலானவை மனநல சிகிச்சைக் குழுக்களையும் பயிற்சிக் குழுக்களையும் பற்றியவை. அதை அலுவலகத்துக்குக் கால அட்டவணை மாதிரி வைத்துக்கொண்டு, இந்த மாதத்துக்குள் ஸ்டார்மிங் முடிய வேண்டும் என்று யாரையும் நெருக்காதீர்கள்.

*

நீங்கள் கேட்டதால் என் அனுபவத்தையும் சொல்கிறேன். நான் மருத்துவமனை வார்டில் பொறுப்புச் செவிலியராக இருக்கிறேன். எங்களுக்கு ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் ஆள் மாறும். முழு டீம் என்று ஒன்று அமையவே அமையாது, எப்போதும் பாதி முதல் கட்டத்தில்தான் இருப்போம். அதனால் ஒரு ஷிஃப்ட் அடுத்த ஷிஃப்டிடம் பொறுப்பை ஒப்படைக்கும் ஹேண்ட்-ஓவர் நேரத்தில் புதியவரை முதலில் பேசவைப்பேன். "டோஸில் சந்தேகம் இருந்தால் யாராக இருந்தாலும் நிறுத்துங்கள், நானாக இருந்தாலும்" என்பதைத் தினமும் சொல்வேன். ஹார்வர்ட் பேராசிரியர் ஏமி எட்மண்ட்சனின் ஆய்வில், நன்றாக வழிநடத்தப்பட்ட செவிலியர் குழுக்களில் மருந்துப் பிழைகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அங்கே பயமில்லாமல் வெளியே சொன்னார்கள் என்பது அவர் தந்த விளக்கம். என் வார்டில் பிழைப் பதிவேடு காலியாக இருக்கும் மாதம்தான் எனக்குக் கவலை.

*

எங்களுடையது கெடு வைத்து முடிக்கும் வேலை. கட்டம் கட்டமாக எதுவும் நடக்கவில்லை. பாதிக் காலம் இழுத்தடித்தது, நடுவில் ஒரு நாள் எல்லோரும் சேர்ந்து பழைய திட்டத்தைத் தூக்கிப் போட்டோம், அப்புறம் வேகம் வந்தது. ஆய்வாளர் கோனி கெர்சிக் 1988-இல் எட்டுக் குழுக்களைக் கவனித்து எழுதியதும் கிட்டத்தட்ட இதுதான். முதல் கூட்டத்துக்கும் கெடுவுக்கும் சரிபாதியில் குழுக்கள் வழி மாறின. அதனால் நடுப்பகுதியில் ஒரு பெரிய மீட்டிங்கை இப்போது நான் முன்கூட்டியே காலண்டரில் போட்டுவிடுகிறேன்.

*

யாரும் கடைசிக் கட்டத்தைச் சொல்லவில்லையே. 1977-இல் டக்மனும் மேரி ஆன் ஜென்சனும் சேர்த்த ஐந்தாவது கட்டம், டீம் கலைவது. வேலை முடிந்ததும் மறுநாளே ஆளை வேறு இடத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். நான் விடமாட்டேன். ஒவ்வொருவரும் செய்ததைப் பெயர் சொல்லி அவரவர் அடுத்த மேலாளருக்கு எழுதிவிட்டுத்தான் அனுப்புவேன். அடுத்த டீமில் போய் உட்காரும்போது அவர்கள் வெறுங்கையோடு ஆரம்பிக்கக் கூடாது.