குழந்தைக்கு ஈ.ஈ.ஜி.யும் எம்.ஆர்.ஐ.யும்: ஒரே நாளில் முடியுமா, எப்படித் தயார் செய்வது?

மலையடிவாரம் கேட்டது:
பையனுக்கு இரண்டரை வயது, எடை 12 கிலோ. காய்ச்சல் இல்லாமலே இரண்டு முறை பிட்ஸ் வந்தது. லெவெடிராசெட்டம் என்ற வலிப்பு மருந்து சிரப் காலை 1.2 மில்லி, இரவு 1.2 மில்லி ஓடுகிறது. எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் நரம்பியல் பிரிவுக்குக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். தூக்கத்தில் ஈ.ஈ.ஜி. (மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்வது), மயக்கம் கொடுத்து எம்.ஆர்.ஐ. (காந்தத்தால் மூளையைப் படம் எடுப்பது) இரண்டும் எடுக்க வேண்டிவரும் என்கிறார்கள். திருவண்ணாமலையிலிருந்து பஸ்ஸில் வரணும், அதனால் ஒரே நாளில் முடிந்தால் நல்லது. வெறும் வயிற்றோடு வரணுமா, காலை மருந்தை நிறுத்தணுமா, முதல் நாள் இரவு தூங்க விடலாமா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள். வலிப்பை நிறுத்த மூக்கில் அடிக்கும் மிடாசோலம் ஸ்பிரேயும் சீட்டில் இருக்கிறது, எத்தனை அடி என்று இல்லை.

மின்முனை:
ஈ.ஈ.ஜி. பற்றி மட்டும் சொல்கிறேன். முதல் நாள் சாயங்காலம் ஷாம்பு போட்டுத் தலை குளிப்பாட்டி நன்றாகக் காயவிடுங்கள். அதன்பின் தேங்காய் எண்ணெய், கண்டிஷனர் எதுவும் வேண்டாம். மொட்டை போட்டுச் சந்தனம் தடவியிருந்தால் அதையும் சுத்தமாகக் கழுவணும். தலையில் இருபது இடத்துக்கு மேல் பேஸ்ட் வைத்து மின்முனை ஒட்டுவோம். ஒவ்வொன்றிலும் மின்தடை 5 கிலோ ஓமுக்குக் கீழே இறங்கினால்தான் பதிவு சுத்தமாக வரும். எண்ணெய்த் தலையில் அது இறங்காது. தேய்த்துத் தேய்த்து ஒட்டுவதற்குள் தூங்கின பிள்ளை எழுந்துவிடும், அன்றைய வேலை அதோடு போச்சு.

தூக்கம்தான் பெரிய விஷயம். இந்த வயதில் மூச்சை வேகமாக இழுத்துவிடு என்று சொல்லிச் செய்ய வைக்க முடியாது, ஆகவே தூக்கத்தில் வரும் பதிவைத்தான் நம்பியிருக்கிறோம். அவர்கள் வேறு நேரம் சொல்லாவிட்டால் இரவு பதினொன்று, பன்னிரண்டுக்குத் தூங்கவைத்து விடிகாலை நாலு மணிக்கு எழுப்புங்கள். பஸ்ஸில் தூங்கவே விடாதீர்கள்! நாலைந்து மணி நேரப் பயணத்தில் ஜன்னல் காற்று பட்டதும் கண் சொக்கும். அங்கே ஒரு மணி நேரம் தூங்கிவிட்டால் இங்கே பொம்மை கேட்டு விளையாடும். முடிந்தால் முதல் நாளே சென்னை வந்து தங்குங்கள். பால் புட்டி, வழக்கமான போர்வை எல்லாம் கையில் இருக்கட்டும்.

காலை மருந்தை வழக்கமான நேரத்தில் கொடுங்கள், டாக்டரே நிறுத்தச் சொன்னால் தவிர. பதிவில் 'ஏதாவது தெரியணும்' என்று வீட்டிலேயே நிறுத்திவிட்டு வருவது ஆபத்து, தொடர் வலிப்பில் கொண்டுபோய் விடும்.

தென்பெண்ணை:
எம்.ஆர்.ஐ.க்கு வெறும் வயிறு என்பதால், காலையிலிருந்தே ஒன்றும் கொடுக்காமல் வந்தால் இரண்டையும் ஒரே மூச்சில் முடிக்கலாமே?

வார்டு_சிஸ்டர்:
அங்கேதான் சிக்கல், சகோ. ஈ.ஈ.ஜி.க்கு வயிறு நிறைந்திருக்கணும். பசித்த பிள்ளை தூங்காது, ரத்தச் சர்க்கரை இறங்கினால் பதிவிலேயே அலைகள் மந்தமாகும். தூக்க சிரப் கொடுத்துத்தான் எடுப்போம் என்று அந்த இடத்தில் சொன்னால் மட்டும், சாப்பாட்டுக்கு அவர்கள் குறிக்கும் நேரத்தைப் பின்பற்றுங்கள்.

எம்.ஆர்.ஐ. நேர் எதிர். திட உணவு, பசும்பால், பவுடர் பால் எல்லாம் 6 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்தணும், தாய்ப்பால் 4 மணி நேரம், வெறும் தண்ணீர் 2 மணி நேரம். ஹார்லிக்ஸும் டீயும் பால் கணக்கில்தான் சேரும். வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது பாட்டி ஒரு பிஸ்கட்டைக் கையில் கொடுத்துவிடுவார். மயக்கத்தில் வாந்தி எடுத்து அது நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து, அதனால் மயக்க டாக்டர் கேஸைத் தள்ளிவைத்துவிடுவார். அவரிடம் மறைக்கவே கூடாது. வலிப்பு மருந்தை மட்டும் அவரைக் கேட்டுக்கொண்டு ஒரு மடக்குத் தண்ணீரோடு கொடுக்கலாம், பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார்கள்.

காலையில் தூக்க சிரப், மதியம் இன்னொரு மயக்க மருந்து என்றால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி மூச்சு மந்தமாகும். சில இடங்களில் ஒரே மயக்கத்தில் இரண்டையும் எடுப்பார்கள், ஆனால் அதை மயக்க டாக்டர்தான் முடிவு செய்யணும். நீங்களாக ஒரே நாள் என்று திட்டம் போடாதீர்கள். சளி, இருமல், காய்ச்சல் இருந்தால் முன்கூட்டியே தகவல் சொல்லிவிடுங்கள், சளியோடு மயக்கம் கொடுக்கத் தயங்குவார்கள்.

உலோகம்: வெள்ளி அரைஞாண், தாயத்து, காப்பு, கம்மல் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். அரைஞாணை வெட்ட மாட்டேன் என்று அறை வாசலில் நின்று சண்டை போட்டு நேரம் போவது சாதாரணமாக நடக்கிறது. கூட உள்ளே வரும் அம்மாவின் புடவை ஊக்கும் ஹேர்பின்னும் அதைவிட மோசம், காந்தம் அவற்றைப் பிடுங்கி இழுக்கும்.

மருந்துச்சீட்டு:
ஸ்பிரேயைப் பற்றி யாரும் சொல்லவில்லை. கணக்கு: ஒரு கிலோவுக்கு 0.2 மி.கி., 12 கிலோவுக்கு 2.4 மி.கி. கடையில் ஒரு அடிக்கு 0.5 மி.கி. வருவதும் இருக்கிறது, 1.25 மி.கி. வருவதும் இருக்கிறது. முதல் வகையில் 5 அடி: ஒரு துவாரத்தில் மூன்று, மற்றதில் இரண்டு. இரண்டாவதில் 2 அடி போதும், பக்கத்துக்கு ஒன்று. கடைக்காரர் பாட்டிலை மாற்றிக் கொடுத்து, நீங்கள் பழைய பழக்கத்தில் ஐந்து அடித்தால் 6.25 மி.கி. உள்ளே போய்விடும், மூச்சு நிற்கவும் வாய்ப்புண்டு. ஆகவே பாட்டிலையே டாக்டரிடம் காட்டி, எத்தனை அடி என்று அவர் கையால் சீட்டில் எழுதி வாங்குங்கள். அதுவரை இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு நீங்களாக அடிக்க வேண்டாம். புதுப் பாட்டிலை முதலில் காற்றில் சில தடவை அழுத்தி, புகை போலச் சீராக வருகிறதா என்று பாருங்கள். டாக்டர் எழுதிக் கொடுத்தபின், வலிப்பு 5 நிமிடம் தாண்டினால் அத்தனை அடி அடிக்கணும். அதன்பிறகும் நிற்காவிட்டாலோ மூச்சு சரியில்லை என்றாலோ உடனே 108. கையில் சாவி, இரும்பு திணிக்கிற வேலையெல்லாம் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள்.

லெவெடிராசெட்டம் சிரப் ஒரு மில்லிக்கு 100 மி.கி. என்ற வகையா என்று லேபிளில் பாருங்கள். கரண்டியில் 1.2 மில்லி அளக்கவே முடியாது, ஊசியில்லாத 2 மில்லி சிரிஞ்ச் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பாட்டில் தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே அடுத்தது வீட்டில் இருக்கணும். இந்த மருந்தில் சில பிள்ளைகளுக்கு அடம், எரிச்சல், கடிக்கிற குணம் வரும். வளர்ப்பைக் குறை சொல்லிக்கொண்டிராமல் டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்று வழி உண்டு.

மலையடிவாரம்:
ரொம்ப நன்றி. ஈ.ஈ.ஜி. நார்மல் என்று வந்துவிட்டால் மருந்து தேவையில்லை என்று அர்த்தமா?

மின்முனை:
இல்லைங்க. அரை மணி நேரப் பதிவில் ஒன்றும் தெரியாத வலிப்பு நோயாளிகள் நிறைய. டாக்டர் பெரும்பாலும் நீங்கள் சொல்வதை வைத்துத்தான் முடிவெடுப்பார். எந்தக் கை முதலில் இழுத்தது, கண் எந்தப் பக்கம் திரும்பியது, எத்தனை நிமிடம், நின்றபின் ஒரு பக்கம் சோர்ந்து போனதா என்று தேதியோடு எழுதி வையுங்கள். அடுத்த முறை வந்தால் ஒருவர் பிள்ளையைக் கவனிக்கட்டும், இன்னொருவர் போனில் வீடியோ எடுக்கட்டும். முகம் மட்டும் போதாது, போர்வையை விலக்கி முழு உடம்பும் தெரியணும்.

வார்டு_சிஸ்டர்:
பிறந்தபோது எடை எவ்வளவு, உடனே அழுதானா, இன்குபேட்டரில் இருந்தானா, எப்போது நடந்தான், எப்போது பேசினான், இதெல்லாம் கேட்பார்கள். பிரசவ டிஸ்சார்ஜ் சம்மரி, தடுப்பூசி அட்டை, பழைய சீட்டுகள் எல்லாம் தேதி வரிசையில் ஒரே ஃபைலில் இருக்கட்டும். எம்.ஆர்.ஐ. எடுத்த இடத்தில் ஃபிலிமோடு சிடியையும் கேட்டு வாங்குங்கள். பிற்பாடு வேலூருக்கோ திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா ஆஸ்பத்திரிக்கோ இரண்டாவது கருத்துக்குப் போனால், மூளையில் ஃபிலிமில் தெரியாத சின்னத் தழும்பை சிடியில் ஓட்டிப் பார்த்துத்தான் தேடுவார்கள்.