மாத உதவித்தொகையில் வீடு கட்டுவது: கடன் வாங்கி இப்போதே கட்டுவதா, சேர்த்து வைத்துப் பிறகு கட்டுவதா?

கேட்டவர்: தையல்காரி

அனைவருக்கும் வணக்கம். ஒரு தொண்டு நிறுவனத்தின் திட்டத்தில் எங்கள் குடும்பத்துக்கு மாதந்தோறும் ஒரு தொகை வங்கிக் கணக்கில் வரத் தொடங்கி ஐந்து மாதங்கள் ஆகின்றன. இதை இன்னதற்குத்தான் செலவிட வேண்டும் என்ற நிபந்தனை ஏதும் இல்லை. மொத்தம் 3 ஆண்டுகளுக்கு வரும் என்று எழுத்திலேயே கொடுத்திருக்கிறார்கள். என் கணவருக்குத் தினக்கூலி வேலை, நான் வீட்டிலிருந்து தைக்கிறேன். எங்கள் இருவருடைய வருமானமும் வேலை உள்ள மாதத்தில் கைக்கு வரும், இல்லாத மாதத்தில் வராது.

வீடு என்று நாங்கள் சொல்லிக்கொள்வது ஒரே அறை. செங்கல் சுவர் நான்கும் உறுதியாகத்தான் நிற்கின்றன. தரை மண், கூரை ஓலை. மழை பிடித்துக்கொண்டால் ஒழுகாத மூலையில் பிள்ளைகளைப் படுக்க வைத்துவிட்டு, நாங்கள் இருவரும் பாத்திரங்களை ஒழுகும் இடங்களுக்கு நகர்த்திக்கொண்டே விடியும்வரை விழித்திருப்போம். தையல் இயந்திரத்தின் மேல் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் தாள் கிடக்கும். பின்புறம் இன்னோர் அறை கட்டும் அளவுக்குக் காலி இடம் உண்டு. மனைப் பத்திரம் மாமியார் பெயரில் இருக்கிறது.

உறவினர் ஒருவர், வெளியில் வட்டிக்குக் கடன் வாங்கி இப்போதே கட்டி முடித்துவிட்டு, மாதம் வரும் பணத்தை அப்படியே கடனுக்குக் கட்டிவிடலாம் என்கிறார். என் கணவரோ, 3 ஆண்டுகளும் தொடாமல் சேர்த்து வைத்துக் கடைசியில் ஒரேயடியாகக் கட்டலாம் என்கிறார். இரண்டுமே என் மனத்துக்கு ஒப்பவில்லை. ஏன் ஒப்பவில்லை என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்லவும் எனக்குத் தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி: கட்டட மேற்பார்வையாளர்

சகோதரி, உங்கள் மனம் சரியாகத்தான் சொல்கிறது. நான் 20 ஆண்டுகளாகக் கட்டட வேலையில் இருப்பவன். கையில் மொத்தப் பணம் இல்லாதவர்கள் செய்யும் பெரிய பிழை, மூன்று அறைக்கும் சேர்த்து அஸ்திவாரம் தோண்டுவதுதான். ஆசை மூன்று அறைக்கு இருக்கலாம். பணம் ஜன்னல் மட்டத்தோடு நின்றுபோகும். கூரை ஏறாத சுவர் மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து, மேல் வரிசைக் கற்கள் கலவையை விட்டுவிடும். தூண்களில் நீட்டி விட்ட கம்பி துருப்பிடித்துச் செதில் செதிலாக உதிரும். இரண்டு ஆண்டு கழித்து வேலையைத் தொடங்கும்போது, முன்பு செய்ததில் ஒரு பகுதியை உடைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டியிருக்கும். ஆகவே எந்தக் கட்டத்தில் நின்றாலும் அதுவரை செய்தது குடும்பத்துக்குப் பயன்படும்படி வேலையைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

உங்களுக்குச் சுவர் உறுதியாக இருப்பது பெரிய முதல். நான் கூரையிலிருந்து தொடங்கச் சொல்வேன். ஓலையை அடிக்கடி மாற்றி வேய வேண்டும். தகரத்துக்கு ஒருமுறை செலவு செய்தால் அந்தச் செலவு பல ஆண்டுகளுக்கு நின்றுவிடும், மிச்சமாகும் பணமே அடுத்த கட்டத்துக்கு உதவும். தகரம் எடை குறைவாக இருப்பதால் இருக்கும் சுவரே தாங்கும். ஆனால் எடை குறைவாக இருப்பதே காற்றில் அதற்குப் பகை. சட்டத்தைச் சுவரின் மேல் சும்மா உட்கார வைக்காமல், சுவருக்குள் பதித்த கம்பியோடு இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள். சுவருக்கும் கூரைக்கும் நடுவே காற்றுப் போக இடைவெளி விட்டால் வெப்பம் ஓரளவு குறையும்.

பொருள் வாங்குவதில் ஒரு எச்சரிக்கை உண்டு. செங்கல், கருங்கல், ஜல்லி, மணல் ஆகியவற்றை மாதம் கொஞ்சமாக வாங்கி அடுக்கி வைக்கலாம். அவை கெட்டுப்போகாது, அடுக்கி வைத்த செங்கல்லை யாரும் கைமாற்றாகக் கேட்கவும் மாட்டார்கள். சிமெண்டை மட்டும் அப்படி வாங்கி வைக்காதீர்கள். காற்றில் இருக்கும் ஈரத்தையே குடித்து மூட்டைக்குள் கட்டி தட்டிவிடும். மூன்று மாதத்துக்கு மேல் கிடந்த சிமெண்டைச் சோதித்துப் பார்க்காமல் நான் எந்த வேலைக்கும் எடுப்பதில்லை. வேலை தொடங்கும் வாரத்தில் வாங்குங்கள், வாங்கியதைத் தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள்.

மறுமொழி: பொருளியல் படிப்பவர்

மேலே ஐயா கட்டட வழியாகச் சொன்னதையே பண வழியாகவும் சொல்லிப் பார்க்கிறேன்.

மாதத் தொகை வீடு கட்ட உதவும் விதம் வெளிப்பார்வைக்குத் தெரியாது. அந்தப் பணத்தை எண்ணிப் பார்த்தால் ஒரு சுவருக்கும் காணாது என்பது உண்மைதான். ஆனால் அது தவறாமல் வருவதால் அடுப்புச் செலவுக்கும் பிள்ளைகளின் செலவுக்கும் அதை ஒதுக்கிவிட்டு, வேலை நன்றாகக் கிடைத்த மாதத்தில் வரும் கூலியில் ஒரு பகுதியை அப்படியே செங்கல்லாக மாற்ற முடிகிறது. முன்பெல்லாம் அந்தக் கூலியை, அடுத்த மாதம் வேலை இல்லாமல் போனால் என்ன செய்வது என்ற அச்சத்தில் கையிலேயே வைத்திருந்திருப்பீர்கள், அல்லது முந்தைய மாதக் கடனுக்குக் கொடுத்திருப்பீர்கள். உதவித்தொகையால் எழும் வீடுகளில் பெரும்பகுதி, அந்தத் தொகை விடுவித்துக் கொடுத்த கூலியில் எழுபவை என்பது என் கருத்து.

மெக்சிகோவில் ஏழைக் குடும்பங்களுக்குப் பணம் கொடுக்க 1997இல் தொடங்கிய ப்ரோக்ரெசா திட்டத்தை ஆராய்ந்தவர்கள், குடும்பங்கள் பெற்ற ஒவ்வொரு பெசோவிலும் 74 சதத்தைச் செலவுக்கு எடுத்துக்கொண்டு மீதியை முதலீடாக்கின என்று கண்டார்கள். ஏழைகளிடம் பணம் கொடுத்தால் கரைந்துபோகும் என்பவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

ஒரே தொகையாகத் தருவதா, மாதமாகத் தருவதா என்பதிலும் ஆய்வுகள் உண்டு. கென்யாவின் மேற்குப் பகுதியில் 2011 முதல் கிவ்டைரக்ட்லி என்ற தொண்டு நிறுவனம் ஏழைகளுக்கு வழங்கிய பணத்தைப் பற்றிய ஆய்வு 2016இல் வெளிவந்தது. மாதமாகப் பெற்றவர்களிடம் உணவுப் பாதுகாப்பு மேம்பட்டதும், மொத்தமாகப் பெற்றவர்கள் நீடித்து உழைக்கும் பொருள்களை அதிகம் வாங்கியதும் அதில் தெரியவந்தன. பணம் பெற்ற வீடுகளில் ஓலைக்குப் பதில் தகரக் கூரை ஏறியது அங்கே கண்ணுக்குத் தெரிந்த மாற்றங்களுள் ஒன்று. இதை மட்டும் படித்தால் மாதத் தொகை வீட்டுக்கு உதவாது என்று தோன்றும். ஆனால் அதே நாட்டில் பின்னர் நடந்த இன்னோர் ஆய்வில், 2 ஆண்டுகளுக்கு மாதத் தொகை பெறுவோர், 12 ஆண்டுகளுக்கு அதே தொகையைப் பெறுவோர், ஒரே தொகையாகப் பெற்றோர் என மூன்று பிரிவினரை ஒப்பிட்டார்கள். முதல் 2 ஆண்டுகளில் முதலிரு பிரிவினரின் கைக்கும் வந்த தொகை ஒன்றுதான். இருந்தும் 12 ஆண்டு உறுதி பெற்றவர்கள் தொழிலில் இறங்கித் துணிந்து முதலிட்டார்கள். 2 ஆண்டோடு முடிபவர்கள் அவ்வளவு துணியவில்லை. இன்னும் வரும் என்ற நம்பிக்கை, வந்த பணத்தின் பயனையே மாற்றியிருக்கிறது. அந்த நீண்டகாலப் பிரிவினர் பலர் சுழல்முறைச் சீட்டுகளில் சேர்ந்து, மாதத் தொகையைத் தாங்களாகவே மொத்தத் தொகையாக மாற்றிக்கொண்டார்கள்.

உங்களுக்கும் நான் சொல்ல நினைப்பது அதுதான். நம்பிக்கையான 10 அல்லது 12 பேர் சேர்ந்த சிறு சீட்டில் உங்கள் முறை, கூரை போடும் மாதத்தில் வரும்படி முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். மீதி இருக்கும் காலத்தில் அப்படி இரண்டு மூன்று முறை மொத்தத் தொகை கைக்கு வரும். உறவினர் சொல்லும் கடன், உங்களிடம் இருக்கும் உறுதியான ஒரே வருமானத்தை உறுதியான சுமையாக மாற்றிவிடும். கணவர் சொல்வதில் வட்டி இல்லை. ஆனால் 3 ஆண்டுகள் பிள்ளைகள் ஒழுகும் கூரையின்கீழ் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு, சும்மா கிடக்கும் சேமிப்பு எந்த நோய்க்கும் எந்த உறவினருக்கும் முதலில் எடுத்துக்கொடுக்க எளிதானது.

ஒரு செய்தியில் மட்டும் ஐயாவுடன் எனக்குச் சிறு மாறுபாடு. நான் தரையிலிருந்து தொடங்கச் சொல்வேன். மெக்சிகோவின் கோவாவிலா மாநிலத்தில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய 'பீசோ ஃபிர்மே' திட்டத்தில், மண் தரை முழுவதும் சிமெண்டுத் தரையானபோது குழந்தைகளின் குடல்புழுத் தொற்று 78 சதவீதமும், வயிற்றுப்போக்கு 49 சதவீதமும், இரத்தசோகை 81 சதவீதமும் குறைந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். அங்கே கொடுத்தது பணம் அன்று, தரையேதான் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

மறுமொழி: பாதிச்சுவர்

இந்தப் பெயரை நான் விளையாட்டாக வைத்துக்கொள்ளவில்லை. எங்கள் வீடு 4 ஆண்டுகள் பாதிச் சுவராகவே நின்றது.

மேற்பார்வையாளர் சொன்ன பிழையை நாங்கள் எழுத்துப் பிசகாமல் செய்தோம். உதவித்தொகை வரத் தொடங்கிய மகிழ்ச்சியில் மூன்று அறைக்கும் அஸ்திவாரம் போட்டோம். ஒன்பதாவது மாதத்தில், வங்கிக் கணக்கில் இருந்த பெயருக்கும் அடையாள அட்டையில் இருந்த பெயருக்கும் ஓர் எழுத்து மாறியிருக்கிறது என்று பணம் நின்றுவிட்டது. சரி செய்ய நான்கு மாதம் ஆயிற்று. கொத்தனாரை நிறுத்த மனமில்லாமல், எப்படியும் பணம் வந்துவிடும் என்ற தைரியத்தில் கடன் வாங்கினேன். கடன் கொடுத்தவர் பத்திரம் எதுவும் கேட்கவில்லை; ஏடிஎம் அட்டையையும் அதன் ரகசிய எண்ணையும் மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார். பிறகு பணம் வரும் நாளில் அவர்தான் முதலில் இயந்திரத்துக்குப் போவார், மீதி இருந்தால் எனக்குத் தருவார். என் பெயரில் வந்த பணத்துக்காக நான் அவர் வீட்டு வாசலில் நின்றேன். சகோதரி, உங்கள் உறவினர் சொல்லும் கடன் இந்த வகைதானா என்று கேட்டுப் பாருங்கள்.

பணம் ஒன்றிரண்டு மாதம் வராமல் போனாலும் வேலை நிற்காதபடி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஒவ்வொரு கட்டத்தையும் தொடங்க வேண்டும் என்பது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. எங்களைக் கரையேற்றியது என் மனைவி சேர்ந்திருந்த 12 பேர் சீட்டுதான். அதில் வந்த பணத்தில் மூன்று அறைத் திட்டத்தை விட்டுவிட்டு ஓர் அறைக்கு மட்டும் கூரை ஏற்றினோம். மற்ற இரண்டு அறைகளின் அஸ்திவாரத்தில் இப்போது கீரைப் பாத்தி இருக்கிறது.

இன்னொன்று. மனை மாமியார் பெயரில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கணவருக்கு உடன்பிறந்தவர்கள் இருந்தால், மாமியார் நலமாக இருக்கும்போதே அந்த இடம் யாருக்கு என்பதை எழுதிப் பதிவு செய்துகொள்ளுங்கள். கூரை மாற்றியவரைக்கும் யாரும் எதுவும் பேசமாட்டார்கள். பின்புறம் புது அறை எழும்பும்போதுதான் பங்கு நினைவுக்கு வரும்.

தையல்காரி

மூவருக்கும் மிகுந்த நன்றி. இந்தப் பக்கத்தைக் கணவருக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். ஏடிஎம் அட்டை பற்றிய இடத்தில், இன்னொரு முறை படி என்றார். உறவினரிடம் கேட்டபோது, அவர் சொன்ன கடனும் அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளும் வகைதான் என்று தெரிந்தது. அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டோம். கணவருக்கு ஒரு தம்பி இருக்கிறார். பின்புற அறையைத் தொடங்குமுன் பத்திரத்தைப் பற்றி அவரையும் வைத்துக்கொண்டு பேசுவது என்று முடிவு செய்திருக்கிறோம்.

எங்கள் பக்கத்தில் தையல் வேலை செய்யும் பெண்கள் 11 பேர் சீட்டுக்கு இசைந்திருக்கிறார்கள். என் முறையை ஐந்தாவது மாதத்துக்குக் கேட்டிருக்கிறேன், அது மழைக்கு முன்னால் வரும். கூரையா தரையா என்பதில் மட்டும் இன்னும் முடிவுக்கு வரவில்லை. தரை போட்டால் மட்டம் உயருமே, வாசல் நிலை இப்போதே தாழ்வாக இருக்கிறது. நெடிதாக இருப்பவர்கள் குனிந்துதான் வருகிறார்கள். இதற்கு என்ன செய்வது?

கட்டட மேற்பார்வையாளர்

தரையின் நன்மை பற்றி அந்தத் தம்பி சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் தகரம் போடும் வேலையில் சட்டத்தைத் தூக்கும்போது ஏணியும் இரும்பும் தரையில் விழும். புதுத் தரை அடி வாங்கும். அதனால் வேலை ஒழுங்குக்காகவாவது கூரை முதலில் முடியட்டும், கையில் மிச்சம் இருந்தால் அதே மாதத்தில் தரையும் போட்டுவிடலாம். ஓர் அறைத் தரைக்கு ஆகும் செலவு கூரையைவிடக் குறைவுதான்.

நிலைக்கு ஒரு வழி இருக்கிறது. கூரையைப் பிரித்திருக்கும் அந்த நாளிலேயே, வாசலுக்கு மேல் இருக்கும் இரண்டு மூன்று வரிசைக் கல்லை எடுத்து நிலையை உயர்த்திவிடச் சொல்லுங்கள். மேலே பாரம் இல்லாத நேரத்தில் அது அரை நாள் வேலை. தரையை உயர்த்துமுன் வெளியே மழைத் தண்ணீர் எந்த மட்டத்துக்கு நிற்கிறது என்று சுவரில் உள்ள கறையைப் பார்த்துக்கொள்ளுங்கள், அதற்கு ஒரு சாணாவது மேலே தரை வர வேண்டும். உள்ளே நிரப்பும் மண்ணை ஒரேயடியாகக் கொட்டாமல், அரையடி அரையடியாகத் தண்ணீர் விட்டுத் திம்சுக் கட்டையால் இடித்து இறுக்கிய பிறகுதான் கான்கிரீட் போட வேண்டும். போட்ட தரையை ஏழு நாளாவது ஈரச் சாக்கு விரித்து நனைத்துக்கொண்டே இருங்கள். அதுவரை தையல் இயந்திரத்தை வெளியில் வைக்க இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.